உட்கார விடாத நாய்

— அந்தக் குட்டி வேண்டாம் சார். உள்ளதைச் சொல்லிடறேன், ஜாக் ரஸ்ஸல் டெரியர் எல்லா வீட்டுக்கும் சரிப்பட்டு வராது.

— நாய் விக்கிறவங்க நீங்க. நீங்களே வேண்டாம்னா எப்படிங்க?

— வித்துட்டு அப்புறம் மனசு கேக்காம தவிக்கிறது யாரு? நான்தான். இவனோட அண்ணன் ஒருத்தன் திரும்பி வந்துட்டான். சோபாவைக் குதறிட்டானாம். குதறத்தான் செய்வான். பாக்கத்தான் கைக்கு அடக்கமா இருக்கும், ஒரு இடத்துல இருக்காது. காலையில ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். கூட்டிட்டுப் போகலைன்னா வீட்டை ரெண்டாக்கிடும். பாருங்க, பேசிட்டிருக்கும்போதே உங்க ஷூ லேஸை அவுத்துட்டான்.

— பரவாயில்ல, பாத்துக்கலாங்க.

— என்னத்தைப் பாத்துப்பீங்க? வீட்டுல யார் யார் இருக்கீங்க?

— நானும் என் பொண்ணும்தான். அவ அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு.

— நீங்க வேலைக்குப் போயிட்டா?

— பக்கத்து வீட்டு அக்கா வந்து இருப்பாங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். எவனாவது நடுவுல மாட்டிக்கிட்டா சோத்துல கை வச்சிருந்தாலும் ஓடணும்.

— அப்ப பொண்ணுதான் இவனை நடக்கக் கூட்டிட்டுப் போகணும்.

— பாப்பாவால கட்டிலை விட்டு இறங்க முடியாதுங்க.

— ஏன், என்ன உடம்புக்கு?

— ரத்தத்துல ஏதோ. ஆஸ்பத்திரியில இனிமே அலைய வேண்டாம், வீட்டுலயே வச்சுக்குங்கன்னுட்டாங்க.

— உக்காருங்க சார். மொதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க.

— அவளுக்குத் தெரியாதுங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு. மழை விட்டதும் ஸ்கூலுக்குப் போயிடலாம்னு சொல்லி வச்சிருக்கேன். அவளும் சரிப்பா சரிப்பான்னு தலையை ஆட்டறா. இந்த நாய் விஷயத்துல மட்டும் ஒத்தைக் கால்ல நிக்கிறா.

— அப்படின்னா ஒரு பக் ஜாதிக் குட்டி தரேன். மடியில போட்டா அது பாட்டுக்குத் தூங்கும். பிள்ளைக்கும் இதமா இருக்கும்.

— நானும் அதைத்தான் சொன்னேன். தூங்கற நாய் வேண்டவே வேண்டாம்ப்பான்னுட்டா. ஜன்னல் வழியா அது ஓடறதைப் பாக்கணும்னு ஆசை போலிருக்கு. நான் வேற எதைக் கொடுக்கப் போறேன் அவளுக்கு?

— கோவிச்சுக்காதீங்க, கேட்டுடறேன். இது பதினஞ்சு வருஷம் இருக்கிற ஜாதி. அப்புறம் இவனை யாரு பாக்கிறது?

— அவ அம்மா போனப்பவே நான் பாயை விட்டு எந்திரிக்கல. அப்ப இருந்த வேலையும் போச்சு. பாப்பாதான் ஸ்டூல் போட்டு ஏறி நின்னு பால் காய்ச்சிக் கொடுப்பா, குடிங்கப்பான்னு. அவளும் போயிட்டா நான்... விடுங்க, அதையும் பாத்துக்கலாங்க.

— இருங்க. எதுக்கெடுத்தாலும் பாத்துக்கலாங்கன்னுதான் சொல்வீங்களா?

— பழகிப்போச்சு. ஏங்க?

— பாப்பாவுக்குக் கொஞ்சம் கரகரத்த குரலா? நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்குமா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மத்தியானத்துல ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணுவா. பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து பேசறேன்னு சொல்வா, பேரு சொல்ல மாட்டா. எந்த நாய் போர்வையைப் பிடிச்சு இழுக்கும், எது கதவைப் பிராண்டும், எது படுத்துக் கிடக்கிற ஆளை விடாம எழுப்பி வெளியில இழுத்துட்டுப் போகும்னு துருவித் துருவிக் கேப்பா. நான் இவனைத்தான் சொன்னேன். எங்கப்பா எல்லாத்தையும் பாத்துக்கலாம்பாரு ஆன்ட்டி, தன்னை மட்டும் பாத்துக்க மாட்டாருன்னா.

— எழுப்பறதுக்கா? ஓடறதைப் பாக்கத்தானே...

— குட்டியைக் கையில வாங்குங்க. தலையைத் தாங்கிப் பிடிங்க, அப்படித்தான்.

— இப்பத்தானே வேண்டாம்னீங்க?

— நாய் பாப்பாவுக்குன்னு நினைச்சுல்ல சொன்னேன். அவ கடைசியாப் பேசினப்ப என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. ‘எங்கப்பா மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவருமா ஆன்ட்டி?’