முற்பகலில் எடுத்து மாலையாக்கிய வீடியோ

ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

வாயால் சொல்ல வேண்டியதை எழுதிக் கொண்டுவந்ததற்கு முதலில் மன்னிக்கவும். போன முறை இதே காவல் நிலையத்துக்கு வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதினால் கோர்வையாக வரும். என் பெயரையும் தகப்பனார் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். வயது இருபத்துமூன்று. படிப்பு இளங்கலைப் பட்டம். தொழில், ஸ்டுடியோவில் புகைப்படங்களுக்கும் வீடியோக்களுக்கும் நிறம் திருத்துவது.

ஸ்டுடியோ ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. நான் வேலை செய்யும் அறையின் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறார்கள். வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் திரையில் நிறம் தப்பாகத் தெரியும் என்பதால் அப்படி. உரிமையாளரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். டிரோன் பறக்கவிடுபவரைப் பருந்து என்பார்கள். அவர் மாஸ்டர் மனைவியின் தம்பி. மூன்றாவது ஆள் நான்.

கிடங்கு எரிந்த அன்று காலையில் பருந்து அண்ணன், கிடங்குக்குப் பக்கத்தில் மனை பிரித்து விற்கிறவருக்காக அந்த இடத்தை மேலிருந்து எடுக்கப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்தார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "மேல பறந்தது அது, வெந்தது நான்" என்று சொல்லிவிட்டு மெமரி கார்டை என் மேசையில் வைத்தார். நான் அதிலிருந்ததை வேலை டிஸ்கில் ஏற்றினேன்.

அதன் பிறகு மனைக்காரர் நேரில் வந்து பார்த்து, "என்னங்க இது, சுடுகாட்டு வெயிலா இருக்கு, இதைப் பார்த்து எவன் மனை வாங்குவான்?" என்றார். அதற்கு மாஸ்டர், "இன்னைக்குச் சாயங்காலமே மறுபடி எடுத்துடுவோம், பொன் மாதிரி வரும்" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் பருந்து அண்ணனுக்குச் சாயங்காலம் வேறு வேலை இருந்தது. மனைக்காரர் படி இறங்கிய பிறகு மாஸ்டர் என்னிடம், "எவன் போறது திரும்ப? மாலை லட்டைப் போட்டுத் தள்ளு" என்றார்.

லட் என்றால் என்ன என்று இங்கே எழுதியாக வேண்டும். அது ஒரு மாற்றுப் பட்டியல். வாய்ப்பாட்டில் ஏழெட்டு என்றால் ஐம்பத்தாறு என்று இருப்பதுபோல, இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக்கு என்று அதில் எல்லா நிறத்துக்கும் விடை இருக்கும். டிரோன் எடுத்துவரும் மூலம் எப்போதும் சாம்பல் பூசினாற்போல மங்கலாகவே இருக்கும், பின்னால் நிறம் திருத்த வசதியாக வேண்டுமென்றே அப்படி எடுப்பது வழக்கம். அதன்மேல் மாலை என்ற லட்டைப் போட்டால் வெள்ளை பொன்னாகும், புல் பழுக்கும், நிழல்கள் கறுத்துப்போகும். எது வானம், எது சுவர், எது மனுஷன் என்று லட்டுக்குத் தெரியாது. எந்த நேரத்தில் எடுத்தது என்றும் தெரியாது.

நான் போட்டேன். வேலை முடிந்து வீடியோ கோப்பாக வெளியே வரும்போது அந்தி சாய்ந்துவிட்டது. கோப்பில் பதிவாகியிருப்பது அந்த நேரம்தான், எடுத்த நேரம் அல்ல. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கிடங்கில் தீப்பிடித்ததும் உள்ளே படுத்திருந்த காவலாளி இறந்ததும் எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அதன் பிறகு மனைக்காரரே அந்த வீடியோவை இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் கிடங்கு வாசலில் ஒரு வேன் நிற்கிறது. அது கிடங்கில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஓட்டுநருடையது. காவலாளி கோள் சொல்லித்தான் அவர் வேலை போனது என்று பேச்சு இருந்ததால் அவரைக் கைது செய்தார்கள். விசாரிக்க ஸ்டுடியோவுக்கு வந்த காவலர், எப்போது எடுத்தது என்று மாஸ்டரைக் கேட்டபோது மனைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சாயங்காலம் எடுத்ததுதாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் என் அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது. மனைக்காரர் போனதும் திருத்திச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் ஓட்டுநரின் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தார். மாஸ்டர் இல்லை. வீடியோவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். வேன் மேல்கூரையில் கட்டியிருந்த தார்ப்பாயைக் கண்டதும், "அந்த ஒட்டுத் துணி நான் தைச்சது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வண்டி இவ்வளவு அழகா இருந்ததே இல்லம்மா, வெறும் வெள்ளை வண்டிதான், தங்கத்துல வார்த்த மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "அங்க விட்டுட்டு வந்த ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுக்கக் காலையில போனாரு. மத்தியானம் வீட்ல எங்கூட உக்காந்து சாப்பிட்டாரு. பொண்டாட்டி சொன்னா கணக்குல எடுத்துக்க மாட்டாங்களாம். இந்த வீடியோவை அவருக்கு அத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்காங்க. போன வாரம் பார்க்கப் போனப்ப எங்கிட்டயே கேக்குறாரு, 'ஏன்டி, ஒருவேளை நான் சாயங்காலமும் போனேனோ?'"

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மூலத்தைத் திறந்து பார்த்தேன். டிரோனின் கடிகாரத்தை யாரும் சரிசெய்து வைத்ததில்லை என்பதால் அதில் பதிவான நேரத்தை நம்ப முடியாது. வாசலில் உள்ள மின்கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. சாயங்காலமாக இருந்தால் அது சாலையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். லட் நிறத்தைத்தான் மாற்றும், நிழலை நீட்டாது. இறுதி வீடியோவிலும் நிழல் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லாரும் வெளிச்சத்தின் அழகைப் பார்த்தார்கள், நான் உட்பட.

இன்னொன்றும் கண்டேன். கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நிழல் விழுந்திருக்கிறது. மாலை லட் அதை முழுக் கறுப்பாக்கியிருந்தது. மூலத்தில் அதற்குள் இரண்டு பேர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், கால்கள் மட்டும் வெயிலில் நீண்டிருக்கின்றன. ஒருவர் காக்கிச் சட்டை போட்ட காவலாளி. அவர் பாட்டிலைச் சாய்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் கையைக் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். அது ஓட்டுநர்தானா என்பதை அவருடைய மனைவிக்குக் காட்டிக் கேட்கலாம். நான் இன்னும் காட்டவில்லை. காவலாளி அண்ணாந்து டிரோனைப் பார்த்துக் கையை அசைக்கிறார். பிறகு படம் மனைகளின் பக்கம் திரும்பிவிடுகிறது.

அதன் பிறகு மாஸ்டரிடம் சொன்னேன். அவர் முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இப்ப மாத்திச் சொன்னா பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு என்னைத் தூக்கி உள்ள வைப்பாங்க. அழிச்சிடு" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "உன்னை எங்க வீட்டுப் பொண்ணாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அது உண்மை. கணினியைத் தொடத் தெரியாமல் வந்தவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர். யார் எது சொன்னாலும் தலையாட்டுவது என் வழக்கம், அப்போதும் ஆட்டினேன். ஆனால் அழிக்கவில்லை. டிஸ்கைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பருந்து அண்ணன் படியில் என்னைப் பார்த்து, "பையில என்ன, சாம்பாரா?" என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர், "நான் எதையும் பார்க்கல தாயே, அக்கா வாழுற வீடு" என்று சொல்லிவிட்டு வழிவிட்டார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, "காலேஜ் வாசப்படியையும் நம்ம குடும்பத்துல நீதான் முதல்ல மிதிச்ச, போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியையும் நீதானா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார்.

அன்று இருந்த அதிகாரியிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவர் மூலத்தைச் சுட்டி, "இதுதாம்மா ஏதோ பண்ணின மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கு. அந்த இன்னொன்னைப் பாரு, எவ்வளவு இயல்பா இருக்கு" என்றார். நிழலைப் பாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். "போய் உங்க முதலாளியைக் கூட்டிட்டு வா" என்றார். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். இப்போது தாங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன்.

மூலம் இருக்கும் டிஸ்கையும் மாலை லட் கோப்பையும் இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன். இதுவரை எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் தவிர இதில் எதுவும் இல்லை, யார் சொல்லியும் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே எழுத நினைத்துத் துணிவில்லாமல் இதுவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அந்த மூலத்தை நீதிமன்றத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள். தனியாகப் போனால் அங்கேயும் அதுதான் பொய்யாகத் தெரியும். ஒரு கணினி கொடுத்தால், உச்சி வெயிலில் இந்த நிலைய வாசலைப் படம் பிடித்து, நீதிபதியின் கண் முன்னாலேயே அதை மாலையாக்கிக் காட்டுகிறேன். பிறகு கிடங்கு வீடியோவில் கம்பத்தின் காலடியைத் தொட்டுக் காட்டுகிறேன். அதற்கு என்னைக் கூப்பிடுங்கள். இந்த முறை பேசுவேன்.

(கையொப்பம்)