கொம்பையாவின் பதில்

எங்கள் வாத்தியக் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு. அதற்கே சில வாரம் ஆள் வராது.

விசாரணை அதிகாரி கேட்டபடி, அமிர்தநாதன் ஆகிய நான் நடந்ததை எழுதுகிறேன். ஒரகடம் ஆலையில் முதல் ஷிப்ட் சூப்பர்வைசர். பென்னலூர் மாதா கோயில் கூடத்தில் ஒன்பது வருடமாகக் குழுவை நடத்துகிறேன். பதினான்கு பேர். பெரும்பாலும் வெவ்வேறு ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஒருவர் வந்தால் ஒருவர் இருக்க மாட்டார். நான்கு பாகமுள்ள ஓர் இசைக்கோவையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுக் குழுவாக நாங்கள் வாசித்ததே இல்லை.

கச்சேரி நடந்த அந்தச் சனிக்கிழமை பதினான்கு பேரும் இருந்தார்கள். அதற்காக இரண்டு மாதம் ஷிப்ட் பட்டியலைத் திருத்தினேன். மற்ற ஆலைகளின் சூப்பர்வைசர்களிடம் கெஞ்சினேன். களைத்துப்போயிருந்தேன்.

கொம்பையா முதல் வயலின். சங்கரன்கோவில் பக்கம். என் லைனில்தான் வேலை. மூன்றாம் பாகம் அவன் தனியாக வாசிக்க வேண்டியது. அவனுக்குப் பதில் ஆள் இல்லை.

லைனுக்குள் போன் கூடாது. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரம் என்றால் வீட்டார் சூப்பர்வைசர் எண்ணுக்கு அழைப்பார்கள். அன்று மதியம் ஒன்றே காலுக்கு அவன் தங்கை சந்தனமாரி அழைத்தாள்.

"சார், அண்ணன் போன எடுக்க மாட்டுக்கான். அம்மைக்கு மூளையில ரத்தம் கட்டிருச்சாம். ரெண்டு மணிக்குள்ள ஆபரேசன் பண்ணணுமாம். பொழைக்கது பாதிக்குப் பாதிங்காவ. கையெழுத்துப் போடப் பயமா இருக்கு சார். அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுதியளா?"

"கேட்டுட்டுக் கூப்பிடுறேன்மா" என்றேன்.

அவன் இருபதடி தள்ளி நின்றிருந்தான். போனேன். போல்ட் முறுக்கிக்கொண்டே சிரித்தான். "சார், மூணாவதுல அந்த நீள இழுப்பு கைக்கு வந்துட்டு."

நல்லது என்றேன். திரும்பிவிட்டேன்.

ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் மறுபடி அழைப்பாள். ஆபரேசன் என்று முடிவானால் வேறு யார் மூலமாவது அவனைப் பிடித்துவிடுவாள், அவன் ஊருக்குக் கிளம்பிவிடுவான். வேண்டாம் என்று அவனே சொன்னதாக இருந்தால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமிருக்காது. யோசித்துத்தான் அவளைத் திரும்ப அழைத்தேன்.

"கேட்டேன்மா. வேண்டாம்ங்கிறான். நிம்மதியா விட்டுடச் சொல்றான்."

"அண்ணனா சொன்னான்?"

"ஆமா."

"சரி சார்."

கச்சேரி நாளில் எல்லோருடைய போனையும் கூடத்தில் ஒரு பையில் வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். அன்று அவன் டோக்கனை மட்டும் லைனிலேயே வாங்கி, கேட்டிலிருந்து போனை நானே எடுத்துக்கொண்டேன். ஒன்பது மிஸ்டு கால். அணைத்தேன்.

கூடத்தில் ஸ்டீவ் அவனைச் சீண்டினார். கம்பெனி பஸ் ஓட்டுபவர், செல்லோ வாசிப்பார். "இன்னா மாமே, பொண்ணு பாக்க வந்தவன் மாரி வேர்த்துகினு கீற?"

கொம்பையா சிரித்துவிட்டு என்னிடம் வந்தான். "சார், அம்மைக்கு ஒரு போன் போட்டுக்கிடுதேன். நான் வாசிக்கத கேக்கணும்னு சொல்லிச்சு."

"முடிஞ்சதும் பேசு" என்றேன்.

ஐந்து மணிக்குத் தொடங்கினோம். இரண்டாம் பாகத்தில் கிளாரினெட் ஓரிடத்தில் தடுமாறியது. மூன்றாவதில் எதுவும் தடுமாறவில்லை. அவன் அம்மா அந்த நேரத்தில்தான் இறந்தார் என்று பிறகு தெரிந்தது. எல்லாம் முடிந்து ஏழு மணிக்குப் போனைக் கொடுத்தேன். சாவுச் செய்தி அதில் வந்திருந்தது. லீவும் நானே போட்டு, பஸ் ஏற்றிவிட்டேன்.

கொள்ளி வைக்கப் போனவனைத் தங்கை வாசலில் நிறுத்தி, "நீதான வேண்டாம்ன?" என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் வெளியே வந்தது.

குற்றச்சாட்டில் 'அவசரத் தகவலைத் தெரிவிக்கத் தவறினார்' என்று இருக்கிறது. அது சரியல்ல. நான் தவறவில்லை. தகவலை வைத்துக்கொண்டு அவன் பெயரில் பதில் சொன்னேன். அந்தப் பதிலால்தான் ஆபரேசன் நடக்கவில்லை. பாதிக்குப் பாதி என்றார்கள். பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மூன்றாம் பாகம் உறுதியாக நடந்தது.

கொம்பையா என்மேல் கோபமாக இருப்பதாகக் குறித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரிலிருந்து திரும்பிய அன்று வயலினை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். என்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். நான்கு தந்திகளும் அறுந்திருந்தன. பஸ்ஸில் அறுந்திருக்கும். புதிது மாட்டிச் சுதி சேர்த்து வைத்திருக்கிறேன்.