வெள்ளைச் சீட்டு ஒட்டிய போத்தல்

என் கையெழுத்து அழகாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை உறைமேல் பெயர் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு விண்ணப்பங்களும் ஒரே கையால் எழுதியவை என்று நீங்கள் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

முதல் விண்ணப்பம் சேதுபதியுடையது. என் மனைவி ருக்மணியின் தம்பி. எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் என் கூட்டாளி. வெளியே போய்ப் படம் பிடிப்பது அவன் வேலை. இருட்டறையில் கழுவிப் பிரிண்ட் போடுவது என் வேலை. பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. மருந்து நெடி தலைவலி தரும் என்று அவன் இருட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை.

மலாய் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்த நாளில் அவனைத் திடலுக்கு அனுப்பினேன். மேடையைப் பிடித்து வரச் சொன்னேன். கூட்டத்துக்குப் பின்னால், வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஐஸ்காரனைப் பிடித்து வந்தான். வெளிறிப்போன நெகட்டிவ். நான் நான்கு மணி நேரம் நின்று, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும், அந்த வண்டிக்கு அடியில் ஓர் இருட்டைக் கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இருட்டைத்தான் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓவியம், சிற்பம் போலப் புகைப்படத்தையும் கலையாக மூன்று வருடம் கற்பிக்கிறார்களாம். பன்னிரண்டு படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, படிவத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் நீட்டினான். ஏழாவது கேள்வி: பிரிண்ட் போட்டது யார்?

"நானேன்னு எழுதுங்க அத்தான்."

"போட்டது நான்."

"வெள்ளக்காரன் வந்து ஒங்க இருட்டறைய எட்டிப் பாக்கப் போறானா லா? நீங்க என்ன கப்பலா ஏறப்போறீங்க? சும்மா எழுதுங்க."

எழுதினேன்.

இடம் கிடைத்தது, உபகாரச் சம்பளத்தோடு. இந்தப் படங்களின் கறுப்பு ஒரு கலைஞனின் கறுப்பு என்று பேராசிரியர் கடிதத்தில் எழுதியிருந்தார். சேதுபதி அதை ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை கடையாகப் படித்துக் காட்டினான். அடுத்த வரியை மட்டும் படிக்கவில்லை. அந்தக் கறுப்பை வகுப்பில் செய்து காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

"கப்பலுக்கு இன்னும் பத்து நாள்தான்," என்று என்னிடம் வந்தான். "அது எப்படி வருதுன்னு காட்டிருங்க அத்தான். அப்புறம் நீங்க நிம்மதியா அடையாளக் கார்டு மூஞ்சிங்களக் கழுவிக்கிட்டு இருக்கலாம்."

ருக்மணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒன்பது நாள் காட்டினேன். எதையும் ஒளிக்கவில்லை, ஒன்றைத் தவிர. இருட்டறையில் புழுக்கம் அதிகம்; அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். தண்ணீர்ப் போத்தலும் மருந்துப் போத்தலும் ஒரே மாதிரிதான். மருந்துகளுக்குக் கறுப்பு மையில் பெயர் எழுதிய சீட்டு. தண்ணீருக்கு வெறும் வெள்ளைச் சீட்டு. சீட்டைப் பார்க்காமல் எதையும் வாயில் வைக்காதே என்று தினமும் சொன்னேன். பழகிக்கொண்டான்.

பத்தாம் நாள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், கண்ணாடித் தகட்டின் கறை எடுக்கும் மருந்தை வைத்தேன். அது நிறமில்லாதது, ஒரு வாய் போதும்; எழுந்து கதவைத் திறக்கக்கூட உடம்பில் பலம் இருக்காது. 'நஞ்சு' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் என் நல்ல கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன். சிவப்பு மை.

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தியபோது, முன்னறையில் துணிக்கடை காதர் மைதீன் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உள்ளாற யாரோ கதவத் தட்டுறாப்ல இருக்கே," என்றார்.

"இப்ப தொறந்தா பேப்பர் கெட்டுடும் பாய். மோவாயக் கொஞ்சம் நிமித்துங்க."

இன்னும் இரண்டு முறை தட்டினான். பிறகு நின்றுவிட்டது. பாயின் படம் நன்றாக வந்தது.

நான் கதவைத் திறந்து வெள்ளை விளக்கைப் போட்டதும், பாய்தான் அந்தச் சீட்டை வாய்விட்டுப் படித்தார். உங்களிடமும் அதையே சொன்னார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் பார்க்காமல் குடித்திருக்கிறான், கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அந்தப் போத்தலை இருட்டறையின் சிவப்பு விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது. வெறும் வெள்ளைச் சீட்டுதான் தெரியும். சேதுபதி பார்த்துவிட்டுத்தான் குடித்தான். பிரிண்ட் போடும் சிவப்பு விளக்கின் கீழ் ஒரு மாதம் வேலை செய்த எவனுக்கும் இது தெரியும். பன்னிரண்டு படங்களையும் தானே பிரிண்ட் போட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டாவது விண்ணப்பம் என்னுடையது, அவன் போனபின் அனுப்பியது. அதே பன்னிரண்டு படங்கள். பேராசிரியர் அவற்றை மறக்கவில்லை. இரண்டு படிவங்களையும் உங்களுக்கு அனுப்பிவிட்டார். ஆறாவது கேள்வி, படம் பிடித்தது யார் என்பது. 'நானே' என்று எழுதியிருக்கிறேன். அதைப் பொய் என்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது நான் கொண்டு வந்த இருட்டைத்தானே?

சேதுபதியைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய்யன் என்று மட்டும் எழுத வேண்டாம், ஐயா. அவன் படிவத்தில் பிரிண்ட் போட்டது 'நானே' என்று எழுதிய கைதான் பிரிண்ட் போட்டது; 'நஞ்சு' என்று எழுதி ஒட்டியதும் நஞ்சின் மேல்தான். இந்தக் கையால் நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை.