மருமகன் நகலெடுத்த சாவி

ஒன்பது வருடம் நான் காத்த அடையாளச் சாவியை என் மகளின் கணவர் என்னைக் கேட்காமல் நான்கு இடங்களில் நகலெடுத்து வைத்தார். நடந்த குற்றம் அதுதான். அவருடைய மடிக்கணினியை நான் சுத்தியலால் உடைத்தது அதன்பின். நான் உடைத்ததைக் காவல் நிலைய எழுத்தர் முதலில் எழுதப் போனதால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

பெயரும் முகவரியும் மேலே கண்டபடி. வயது எழுபத்தொன்று. லிப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். கணினியை நானாகக் கற்றேன்.

என் மாடி அறையில் ஒரு கணினி ஓய்வின்றி ஓடுகிறது. தாங்கள் யார், எங்கிருக்கிறோம் என்று பிறர் அறியக் கூடாதவர்களின் இணையப் போக்குவரத்தை, என்னைப் போன்ற தன்னார்வலர்களின் கணினிகள் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும். அதில் என் கணினிக்கு அடையாளம் ஒரு சிறு கோப்பு, சாவி என்று நான் சொல்வது அதைத்தான். அது தொலைந்தால் ஒன்பது வருட நம்பிக்கை போகும். அடுத்தவன் கைக்குப் போனால் அவன் என் பெயரில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கலாம். அதனால் ஒரே ஒரு நகல் எடுத்து, பென் டிரைவில் போட்டு அலமாரியில் பூட்டியிருந்தேன். அதற்குக் கடவுச்சொல் போடவில்லை. அந்தத் தவறு என்னுடையது, அது ஒன்றுதான்.

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி நான் மருத்துவமனையில் சேர்ந்தேன். சிகிச்சைக் காகிதம் எடுக்க மகளிடம் அலமாரியின் சாவியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாடிக் கணினியின் டிஸ்க் பழுதாகி, மருமகன் புது டிஸ்க் போட்டு, பென் டிரைவை எடுத்து அதை மீண்டும் ஓட வைத்தார். ஆறாம் நாள் வீடு திரும்பியதும் அவரே பெருமையாகச் சொன்னார்.

"நான் இல்லன்னா உங்க ஒன்பது வருஷமும் அம்போ தான் மாமா. இனிமே பயமில்ல. ஆபீஸ் மெயில்ல ஒண்ணு, லேப்டாப்புல ஒண்ணு, போன்ல ஒண்ணு, என் பிரெண்டோட சர்வர்ல ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்."

"தண்டோரா போடலியா?" என்று கேட்டேன்.

"நகல் எடுத்து வைக்கணும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீங்க!"

அதன்பின் நான் கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன். மகள் ஓடி வந்து, "அப்பா, ஒரு டப்பாவுக்காக அவர் மேல கை வைப்பீங்களா?" என்றாள். "கை எங்க வெச்சேன்? சுத்தியல வெச்சேன், அதுவும் லேப்டாப் மேல" என்றேன். மற்ற மூன்று நகல்களை எந்தச் சுத்தியலும் எட்டாது என்பது அடிக்கும்போதே தெரியும்.

இனி ஆக வேண்டியவை: மருமகன் மெயிலிலும் போனிலும் உள்ளதை அழிக்க வேண்டும். அவர் நண்பர் சர்வரில் உள்ளதை அழித்ததாக எழுதித் தர வேண்டும், அதை நான் நம்ப மாட்டேன். காவல் நிலையம் உடைந்த மடிக்கணினியின் டிஸ்க்கைத் திருப்பித் தராமல் நொறுக்க வேண்டும். இந்தத் தன்னார்வ வலையமைப்பை மேற்பார்வை செய்பவர்கள் என் கணினியின் அடையாளத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அப்படிக் கேட்டு இன்று காலை நானே கடிதம் அனுப்பிவிட்டேன். நான் புதுச் சாவி செய்து, பெயர் தெரியாத புதியவனாக முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'வருந்துகிறேன்' என்று எழுத்தர் தாமாகச் சேர்த்திருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மீதி யாவும் நான் சொன்னது, உண்மை.

(கையொப்பம்)