உள்ளே போய்க் கேட்டு வந்த விலை

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. என் வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று நானே அதை மெதுவாக வைத்திருப்பேன். விசாரணை அதிகாரியான நீங்கள் இதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் வசதியாக உட்காருங்கள். நான் வக்கீலாக இருந்தவன். சுருக்கமாகப் பேசிப் பழக்கமில்லை.

அதற்கும் முன்னால் நான் துணிக்கடைக்காரர் மகன். எங்கள் கடையில் ஒரு திரை தொங்கும். வாங்க வந்தவர் விலையைக் குறைக்கச் சொன்னால் அப்பா, "எனக்குச் சம்மதம்தான், பார்ட்னரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று திரைக்குப் பின்னால் போவார். அங்கே ஒரு முக்காலியும் தண்ணீர்க் குடமும்தான் உண்டு. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார். "ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. உங்களுக்காகச் சண்டை போட்டு இதுக்கு இறக்கியிருக்கேன்." வாங்கியவர் அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, பார்ட்னரைத் திட்டிக்கொண்டே போவார். குடம் மறுத்துப் பேசியதில்லை. சட்டம் நான் பிறகுதான் படித்தேன்; பெரிதாகத் தேவைப்படவில்லை.

என்மீது மோசடிப் புகார் கொடுத்திருக்கும் அம்மா தையல் வேலை செய்பவர். கணவர் கொத்தனார். லாரி இடித்து அவருடைய கால் எலும்பு நொறுங்கியது. இழப்பீட்டு வழக்கை நான் நடத்தினேன். எதிர்த்தரப்போடு சமரசம் பேசி நல்ல தொகைக்கு முடித்ததும் நான்தான். மார்தட்டிக்கொள்ள வேண்டிய வேலை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே அவர்கள் இருவரிடமும் வாங்கி வைத்திருந்த கையெழுத்துகள் போதுமானதாக இருந்தன. பணம் என் கணக்குக்கு வந்தது.

அப்போது வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தேன். தளம் போடும்வரை இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். தளத்துக்குப் பிறகு படிக்கட்டு வந்தது. படிக்கட்டு இல்லாமல் மாடிக்கு எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள்.

அந்த அம்மா மாதாமாதம் வந்தார். நான் வாய்தா சொன்னேன். முடிந்த வழக்குக்கு வாய்தா சொல்வதில் ஒரு சௌகரியம், நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு மாதம் நீதிபதி விடுப்பு, இன்னொரு மாதம் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். பாவம், கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் மனிதர். அவருக்கு டைபாய்டு வரை கொடுத்தேன். முதலில் என்னை "சார்" என்று கூப்பிட்ட அந்த அம்மா, நாளடைவில் "அண்ணே" என்றார். எங்கள் கடையில் அண்ணே என்றால் அடுத்து தள்ளுபடி கேட்பார்கள். இந்த அம்மா அந்த வக்கீலுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார்.

"அண்ணே, எலும்புல மறுபடி சீழ் வெச்சிருச்சு. உடனே ஆபரேஷன் பண்ணாட்டி முழங்காலோட எடுத்துடுவாங்களாம். அவங்க என்ன குடுத்தாலும் சரி, முடிச்சு விட்டுடுங்க."

அவசரத்தில் இருப்பவரைக் கண்டால் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. "எதிர்த்தரப்புக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்" என்று உள்ளறைக்குப் போனேன். அங்கே பழைய வழக்குக் கட்டுகளும் உடைந்த நாற்காலி ஒன்றும் இருந்தன. சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மாவுக்காக நன்றாகவே வாதாடினேன். "உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்? கால் போயிடும்கிறாங்க!" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் பேசியதில்லை. நாற்காலி அசைந்து கொடுக்கவில்லை. வெளியே வந்து, கேட்டதில் கால் பங்குதான் தருவார்களாம் என்றேன்.

அந்த அம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை. விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறப்பவர் தோற்றார் என்பது கடைக் கணக்கு.

"சரிண்ணே" என்றார் கடைசியில். "நீங்க உள்ள சத்தம் போட்டது கேட்டுச்சு. எங்களுக்காக வேற யாரு இப்படிப் பேசுவாங்க?"

அன்றைக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் சரி என்றதும் சரக்கைக் கையில் திணித்தால், இன்னும் கூடக் கேட்டிருக்கலாமோ என்று வாங்குபவருக்கு மனசு அரிக்கும். அதனால், இன்சூரன்ஸ் கம்பெனியில் கையெழுத்தாகி வர இரண்டு வாரம் ஆகும் என்றேன். அந்த இரண்டு வாரமும் அவருக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு காசு நான் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது காலை எடுத்திருந்தார்கள். என் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டேன். கழிக்காவிட்டால் சந்தேகம் வரும். பெரிய ஆபரேஷன் செலவு மிச்சம் என்று நான் ஆறுதல் சொன்னதாகப் புகாரில் இருக்கிறது. சொன்னேன்.

குட்டு உடைந்தது மருந்துக் கடையில். என் கற்பனையில் படுத்துக் கிடந்த எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா நலம் விசாரித்திருக்கிறார்.

"டைபாய்டெல்லாம் தேவலையா சார்?"

"எனக்கு ஏதும்மா டைபாய்டு? அது கிடக்கட்டும், பணம் முழுசா குடுத்து வருஷமாச்சே, உங்க வீட்டுக்காரர் நடக்கறாரா?"

அன்பான ஒரு கேள்வி என் பிழைப்பைக் கெடுத்துவிட்டது.

போன வாரம் கணவன் மனைவி இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். புகாரைத் திரும்பப் பெற்றால் முழுத் தொகை, வட்டி எல்லாம் தருகிறேன் என்றேன்.

"அது எங்க பணம். கோர்ட்டு வாங்கிக் குடுக்கும்" என்றார் அந்த அம்மா. அண்ணே என்ற சொல் காணாமல் போயிருந்தது.

"காலுக்குன்னு தனியா எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றேன்.

கொத்தனார் சிரித்தார். "கால் பங்குன்னீங்க. நாங்களும் காலைக் குடுத்துட்டோம். அப்புறம் என்ன பேச்சு, வக்கீலய்யா?"

"வாங்க போகலாம்" என்று அந்த அம்மா அவருக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார்.

எழுதிக்கொள்ளுங்கள். பணம் முழுவதையும் எடுத்தது நான். முடிந்த வழக்குக்கு வாய்தா சொன்னது நான். கால் போகும் என்று தெரிந்தே இரண்டு வாரம் காக்க வைத்தது நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. காலுக்கு விலை என்ன என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன், அவர்கள்தான் சொல்லவில்லை. ஒரு தொகையைச் சொல்லியிருந்தால், பேசிப் பேசி, பாதிக்காவது முடித்துக் கொடுத்திருப்பேன்.