வாயாடியின் கண்ணாடி

உங்கள் கண்ணாடி வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது சார். காதில் மாட்டும் கம்பியை லேசாகச் சூடுகாட்டி வளைத்தால் சரியாகிவிடும். இந்த வாக்குமூலம் எழுதும் வேலையெல்லாம் முடிந்ததும் கொடுங்கள், செய்து தருகிறேன். கோணலாக ஒரு கண்ணாடியைப் பார்த்துவிட்டால் என் கை சும்மா இருக்காது, தொழில் அப்படி.

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகத்தில் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் அல்லவா, அதைப் பற்றி நம் ஊர் இணைய மன்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. நான் 'தெளிவு' என்ற பெயரில் எழுதினேன். சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. என் கண்ணாடிக் கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேனே, இமைக்கவே மறந்துபோனவர்கள். பிள்ளைகளின் கண் கெடுகிறது என்று பொறுமையாக, மரியாதையாக, ஆதாரத்தோடு எழுதினேன். ஒருவரும் சீண்டவில்லை.

சீண்டியது ஒரே ஓர் ஆள். 'வாயாடி' என்று பெயர். நான் பத்தி பத்தியாக எழுதியதற்கு அது இரண்டு வரி எழுதியது: "எனக்கு வாய் வேலை செய்யற ஒரே இடம் இதுதான் தாத்தா. வேணும்னா கண்ணை எடுத்துக்கோங்க, வாயை விட்டுடுங்க." மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் கீழே யாராவது ஒருவர் வந்து, 'தாத்தா, கண்ணை எடுத்துக்கோங்க' என்று போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு நாற்பத்தேழு வயதுதான் சார். கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த வாயாடி யார் என்று அவளேதான் எனக்குக் காட்டினாள். என் அக்கா மகள். பதினைந்து வயது. அப்பா இல்லாத பிள்ளை, என்னிடம்தான் ஒட்டுதல். அவளுக்குத் திக்கும். ஒரு வார்த்தையை ஆரம்பிப்பதற்குள் எதிரில் இருப்பவர்கள் அவளுக்காக முடித்துவிடுவார்கள். நான் முடித்ததே இல்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். அதனால்தான் அவள் என்னிடம் பேசுவாள். அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மா... மாமா, இதப் பாருங்களேன். ஒரு பெரிய மனுஷன் எனக்குப் பதில் சொல்ல முடியாம முழிக்கிறாரு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

படித்தேன். சிரித்தேன். "பின்னிட்டம்மா" என்றேன். அந்தப் பெரிய மனுஷன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஆபத்து இருக்கிறது, இருக்கிறது என்று எத்தனை நாள் கத்தினாலும் யார் கேட்கிறார்கள்? கண்முன்னால் நடந்தால் கேட்பார்கள். யாராவது ஒரு பிள்ளைக்கு நடக்கத்தான் வேண்டும். முகம் தெரியாத பிள்ளை என்றால் எங்கே போய் முடியுமோ தெரியாது. நம் வீட்டுப் பிள்ளை என்றால், அளவு மீறாமல் நான் பார்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், இதில் பொறுப்பு இருக்கிறது.

மூன்று போலிக் கணக்குகள் தொடங்கினேன். 'சும்மா ஒருத்தன்', 'பக்கத்து பெஞ்சு', இன்னொன்று மறந்துவிட்டது. முதல் வாக்கியம் இதுதான்: "வாயாடியாம் வாயாடி. வ... வ... வணக்கம்னு ஒரு தடவை சொல்லிக் காட்டு பார்ப்போம்." பள்ளியில் கூடப் படிக்கும் எவனோ என்றுதான் அவள் நினைப்பாள், அதையும் யோசித்துத்தான் 'பக்கத்து பெஞ்சு' என்று பெயர் வைத்தேன். அவள் சளைக்காமல் பதில் கொடுத்தாள். கெட்டிக்காரி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. யார் யாரோ வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் அவள் திக்குவதை நடித்து ஒலிப்பதிவு செய்து போட்டான். அதை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை.

'தெளிவு' என்ற பெயரில் நான் அவளுக்கு ஆறுதல் எழுதினேன். 'பாருங்கள், இதற்குத்தான் சட்டம் கேட்கிறோம்' என்றும் சேர்த்துக்கொண்டேன். இந்த முறை எல்லோரும் படித்தார்கள்.

அக்கா கடைக்கு வந்தாள். அவளுக்கு வேலை எதிர்ச்சாரி மருந்துக் கடையில்தான், சாலையைக் கடந்தால் என் கடை. "பள்ளிக்கூடத்துல வாயே திறக்கறதில்லையாம்டா. வீட்லயும் அப்படித்தான். உன்கிட்டன்னா சொல்லுவா, நீ கொஞ்சம் பேசிப் பாரேன்." போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மன்றமே வேணாம்மா, விட்டுத் தொலை" என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். அவள் வெகுநேரம் திணறினாள். நான் காத்திருந்தேன். "நா... நான் ஏன் மாமா போகணும்? அ... அவங்க போகட்டும்" என்றாள்.

பிடிவாதம். அன்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேன்.

இதை விளக்க வேண்டும். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பவர் உண்டு, இடது கண்ணில் மிக அதிகம். பவர் கூடக்கூட லென்ஸின் ஓரம் தடித்துக்கொண்டே போகும், பார்க்கிறவர்களுக்குச் சோடாப்புட்டிபோல் தெரியும். அவள் ஒருநாள் அதற்காக அழுதாள். நான் ஓரத்தைத் தேய்த்து மெலியவைத்து, தடிமனான கறுப்பு ஃப்ரேமுக்குள் மறைத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பெற்ற தாய்க்கே தெரியாது. "இது நமக்குள்ள" என்று சொல்லித்தான் மாட்டிவிட்டேன். எத்தனையோ கண்ணாடி செய்திருக்கிறேன், அதுபோல் ஒன்று அமைந்ததில்லை. அந்தப் பெருமைதான் என்று நினைக்கிறேன். 'சும்மா ஒருத்தன்' எழுதினான்: "கறுப்பு ஃப்ரேமுக்குள்ள இடது பக்கச் சோடாப்புட்டியை ஒளிச்சு வச்சா யாருக்கும் தெரியாதுன்னு நினைப்பா?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழித்தேன். அதற்குள் அவள் படித்திருந்தாள்.

மறுநாள் மாலை கடைக்கு வந்தாள். பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மேசை மேல் விரித்திருந்த துணியில் வைத்தாள். லென்ஸ் கீழே படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே வைத்தாள். "மா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. உதடு துடித்தது, கண் நிறைந்துவிட்டது. நான் வழக்கம்போல் காத்திருந்தேன். அவளுக்காக அந்த வார்த்தையை நான் முடிக்கவில்லை.

பிறகு திரும்பினாள். கதவின் கைப்பிடியைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தாள்.

நீங்கள் அந்தப் பதிவுகளைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள் சார். இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எதிர்ச்சாரியில் அக்கா யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது என் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. பிள்ளை அவளிடம்தான் போகிறாள். அம்மாவிடம் சொல்ல நேரமாகும், ஆனால் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கைநீளத்துக்கு அப்பால் எல்லாமே புகைதான். இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும். பேருந்து வளைவில் திரும்புவதையும் பார்த்தேன். 'நில்லும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குத் திக்காது. கண்ணாடி என் கையில் இருந்தது, துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வம்பர்கள் துரத்தியதால் மனம் உடைந்து பேருந்துக்கு முன்னால் இறங்கிவிட்டாள் என்று மன்றம் கொந்தளித்தது. அவள் பெயரில் கையெழுத்து இயக்கம் நடந்தது. முதல் கையெழுத்து அக்காவுடையது, பேனா நான் கொடுத்தது. அடுத்த வாரம் சட்டம் ஓட்டெடுப்புக்கு வருகிறது, நிறைவேறிவிடும் என்கிறார்கள். அதுவரை இந்த வாக்குமூலம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பிள்ளைகளின் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

இன்று காலையில் மருத்துவமனையிலிருந்து அக்கா அழைத்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். "கண் முழிச்சிட்டாடா. பேசிட்டாடா. திக்கவே இல்ல. கண்ணாடி எங்கடீன்னு கேட்டேன், 'மாமாகிட்ட இருக்கு'ன்னு ஒரே மூச்சுல சொல்றா. உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?"

போனை வைத்துவிட்டு நேராக இங்கேதான் வந்தேன். இதோ அந்தக் கண்ணாடி, திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டேன். மனசாட்சி உறுத்தியதால் நானாகவே வந்து சொன்னேன் என்பதை மட்டும் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.