டைப் அடித்ததில் மாற்றிய பேர்

"பழகறதுக்குத்தான்டா பேட்டி எடுத்தேன். அதுல போயி ஏன் நெசத்தச் சொன்ன?"

கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. ஒரு பெண்ணும் ஒரு பையனும்; இருவரும் வரலாற்றில் பிஎச்.டி. படிக்கிறார்கள். பேட்டி எடுக்கும் பயிற்சியில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"நீ எதுவும் கேக்காம என்னியே பாத்துக்கினு இருந்த. தானா வாயில வந்துடுச்சி."

"சும்மா இருந்தா அவங்களே பேசுவாங்கன்னு சார்தான சொன்னாரு?"

"அக்கா யாரோட போச்சி, இப்ப எந்த ஊர்ல இருக்குது, எல்லாத்தியும் சொல்லிட்டேன். எங்க வூட்லயே யாருக்கும் தெரியாது."

"டைப் பண்ணதுல உம்பேரு, அக்கா பேரு, ஊரு, எல்லாத்தியும் மாத்திட்டேன்."

"ஆடியோல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் முன்கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

"அழிச்சிடு. கிளாஸ்ல எங்க பெரியப்பா பையன் இருக்கான்."

"ஆடியோவ நேத்தே சாருக்கு அனுப்பிட்டேன். பேட்டின்னா இப்பிடி இருக்கணும்னு சொல்லி, இப்ப கிளாஸ் குரூப்ல போட்டிருக்காரு. நீ பாக்கலியா?"

அவன் அவசரமாக போனை எடுத்துப் பார்த்தான். தட்டுவது நின்றுவிட்டது.

"பெரியப்பா பையன் கேட்டுட்டான். கட்டைவெரல் போட்டிருக்கான்."

"சார்கிட்ட பேசி எடுக்கச் சொல்லுடா."

அவன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான்.

"அக்கா, மாமா வூட்ல இருக்காரா? ரெண்டு பேரும் உடனே ஊர வுட்டுக் கெளம்புங்க."